புற்றுக்குப் பக்கத்து அறை

வாடகைக்கு வீடு தேடி அலைந்த பெண்ணிடம் சங்கரன்கோவிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரி கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு பேசுவாள், எவள் தண்ணீர் கொடுத்துவிட்டு இல்லை என்பாள், எவள் தண்ணீர் கூடக் கொடுக்காமல் இல்லை என்பாள் என்று சொல்லுவாள். எனக்கு அந்த ஊர் அப்படித்தான் பழக்கம். இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் கண் தானாகப் பூட்டிய கதவுகளைத்தான் பார்க்கிறது. சனியன், விட்டுத் தொலைக்க மாட்டேன் என்கிறது.

என் வீட்டுக்காரருக்கு ஜின்னிங் பாக்டரியில் வேலை. பருத்திப் பொதி எடை போடுகிற இடத்தில் நிற்பார். சாயங்காலம் வரும்போது புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அவர் சம்பளத்துக்கு எட்டிய வீடு ஒரு வளவுக்குள் இருந்த ஒற்றை அறை. ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழெட்டுக் குடித்தனம், எல்லாருக்கும் ஒரே கிணறு, ஒருத்தி வீட்டில் மீன் பொரித்தால் எல்லாருக்கும் இருமல். அதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. சுவர்தான் என் குறை. மண்சுவர். மழைக்காலம் வந்தால் கையை வைத்த இடத்தில் ஈரம் ஒட்டும்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். அந்தக் கார்த்திகையில் விடாமல் மழை பெய்தது. என் மூத்தவள் தொட்டில் பிள்ளை. கஞ்சிக்கு அழுதாளே என்று அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் வந்தேன். பின்னால் பொதி சரிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், தொட்டில் இருந்த இடத்தில் சுவரின் மேல்பாதி கிடக்கிறது. தொட்டில் சேலையின் நுனி மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தது. கஞ்சியை ஆற்றி அவளுக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் போய் அந்த நுனியைப் பிடித்து இழுத்தேன்.

வளவுக்காரர் வந்தார். சுவரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்க்கவில்லை. விழுந்த பாதியை அந்த மண்ணையே குழைத்து அடைத்து, ஒரு பனந்தடியைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்து, இனிப் பத்து வருஷத்துக்கு அசையாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சுவரோரம் உம் பேரனைப் படுக்கப் போடும் வே, அப்போது தெரியும் என்று என் தொண்டை வரைக்கும் வந்தது. வாடகைக்கு இருக்கிறவளுக்கு இப்படித் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போகிற பேச்சு நிறைய.

அப்போது வயிற்றில் எனக்கு இரண்டாவது, நாலு மாதம். கரிவலம்வந்தநல்லூரில் பிறந்தவள் நான். அம்மா போன பிறகு பேறுகாலத்துக்கென்று போய் உட்கார அங்கே எனக்கு வாசல் இல்லை. பிள்ளை நான் இருக்கும் வீட்டில்தான் பிறக்க வேண்டும். பிறக்கும்போது மேலே விழாத சுவர் வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது, அதைத்தான் ஊரெல்லாம் இல்லை என்றார்கள்.

மார்கழியில் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் தேடுவதற்கு அது தோதான மாதம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தோதுதான். காலையில் அவரை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையை இடுக்கிக்கொண்டு கிளம்பினால் வெயில் உச்சிக்கு வரும்வரை தெருத் தெருவாக நடை. முந்தின வருஷங்களில் மழை பொய்த்த கிராமங்களிலிருந்து தறிக்கும் பாக்டரிக்கும் என்று ஜனம் வந்து குவிந்த காலம் அது. மாட்டுத் தொழுவத்தில் தட்டி வைத்து மறைத்து அதற்கும் வாடகை கேட்டார்கள். நல்ல வீடாக இருந்தால் வாடகையைக் கேட்டதுமே வந்த வழியைப் பார்க்க வேண்டியதுதான். வாடகை எட்டினால் விசாரணை. சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு, யார் வீட்டு ஆளுக என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். கேட்க வந்தது ஒன்றுதான், அதை நேராகக் கேட்டுத் தொலைத்தால் என்ன? அதிலும் தப்பித்தால் கண் என் வயிற்றில் வந்து நிற்கும். பேறுகாலம் இங்கனதானா என்பார்கள். ஆமாம் என்றால் தீட்டு, கிணறு, துணி அலசுகிற இடம் என்று எல்லாம் ஞாபகம் வந்துவிடும். தம்பி குடும்பம் வரப் போகிறது, மறந்தே போயிட்டேன் என்பார்கள். அந்த மார்கழியில் சங்கரன்கோவிலில் எத்தனை தம்பி குடும்பம் வருவதாக இருந்தது என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஸ்டேஷனுக்கு அந்தப் புறம் புதிதாகக் காலனி வரப் போகிறது, சொசைட்டி போட்டுச் சம்பளக்காரர்களுக்கு வீடு கட்டித் தரப் போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. அவர் ஆசையாக என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். கரிசல் காட்டில் எல்லைக்கல் நட்டிருந்தார்கள். கல்லில் ஆடு முதுகு சொறிந்துகொண்டிருந்தது. நடுவில் நின்று, இது தெரு, இது நம்ம வீடு வரும் இடம் என்றார். எனக்குக் கால் வலித்தது. அந்தக் கல் நான் ஊரை விட்டு வரும்வரை அப்படியேதான் நின்றது.

கடைசியில் வீட்டைச் சொன்னவர் ஒரு மிளகாய்த் தரகர். வற்றல் சீசன் இல்லாதபோது வீடு, மாடு, மாப்பிள்ளை எல்லாம் பார்த்துக் கொடுப்பார். அண்ணாச்சி, சுவர் மட்டும் நன்றாக இருந்தால் போதும் என்று அவரிடம் அழாத குறையாகச் சொல்லியிருந்தேன். தை பிறந்ததும் வந்தார். சுவர் நன்றாக இருக்கிறது, வாடகையும் கம்மி, ஆனால் உள்ளே ஒரு சங்கதி இருக்கிறது, நேரில் பார்த்துவிட்டு முடிவு பண்ணு தங்கச்சி என்றார்.

கல்லும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டி, மேலே தளம் போட்ட மட்டப்பா வீடு. முன்னால் ஒரு அறை, நடுவில் ஒரு அறை, கடைசியில் நெல் மூட்டை போடுகிற அரங்கு என்கிற சின்ன அறை, அதற்குப் பக்கமாகப் போனால் பின்வாசல், கிணறு. நான் உள்ளே போனதும் சுவரைத்தான் தட்டிப் பார்த்தேன். உள்ளங்கை எரிந்தது. ஒரு துளி மண் உதிரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வீட்டின் சொந்தக்காரர் ராயகிரியில் நிலபுலன் உள்ளவர், பெரியவர். செருப்புக் காலோடு உள்ளே வந்து அரங்குக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே தரை வெடித்து, மூலையில் என் முழங்கால் உயரத்துக்குப் புற்று எழும்பியிருந்தது.

வேறு ஊராக இருந்தால் கடப்பாரையை எடுத்து இரண்டு போடு போட்டு மண்ணெண்ணெய் ஊற்றியிருப்பார்கள். இது சங்கரன்கோவில். கோயிலிலேயே புற்று மண்தான் பிரசாதம். தேள் கடித்தாலும் அந்த மண், சொறி வந்தாலும் அந்த மண், பிள்ளை அலறி அழுதாலும் அந்த மண். இந்த ஊரில் புற்றை உடைக்கக் கூலிக்குக் கூட ஆள் கிடைக்காது. அதனால் இடிக்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல் வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. அந்த அறையை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டு மற்றதில் இருந்துகொள்ளுங்கள் என்றார் வீட்டின் சொந்தக்காரர். பேறுகாலத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஆள் வந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "கரையான் கட்டுன மண்ணு. இதுக்குப் போயி பயப்படுதியே" என்றார். பயம்தான். ஆனால் விழுகிற சுவரா, வராத பாம்பா என்று பார்த்தால் எனக்குச் சுவர் பயம்தான் பெரிது. தையிலேயே பால் காய்ச்சிக் குடிபோனோம்.

அரங்குக் கதவின் கீழ் இடுக்கில் பழந்துணியைத் திணித்தேன். வெள்ளைப் பூண்டை நசுக்கி வாசற்படியில் தேய்த்தேன். இரண்டு மாதம் எதுவும் இல்லை. மூத்தவள் சுவரோரம் உருண்டு தூங்கினாள், நான் எழுந்து தள்ளிப் போடவில்லை. அது எப்பேர்ப்பட்ட சுகம் என்று ஓட்டு வீட்டிலும் மண்வீட்டிலும் பிள்ளை வளர்த்தவளுக்குத்தான் தெரியும். பங்குனியில் ஒருநாள் கிணற்றடிக்குப் போனால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாம்புச் சட்டை கிடக்கிறது. முழுசாக, என் கை நீளத்துக்கு.

இன்னும் ஒரு மாதத்தில் பிள்ளை பிறக்கப் போகிறது. திரும்ப அந்தப் பனந்தடிச் சுவருக்கா போக முடியும்? குளித்துவிட்டு வந்தேன். துணியை எடுத்துவிட்டு அரங்கைத் திறந்தேன். புற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து ஒரு கரண்டி பால் ஊற்றினேன். மந்திரமா தெரியும் எனக்கு? வாயில் வந்ததைச் சொன்னேன். "நீ உன் ரூம்ல இரு. நாங்க எங்க ரூம்ல இருந்துக்கிடுதோம். எம்பிள்ளைகளை மட்டும் ஒண்ணும் செஞ்சிராதே." பக்கத்துக் குடித்தனக்காரியிடம் பேசிக்கொள்கிற மாதிரிதான். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் பால் ஊற்றினேன். பாம்பு கண்ணில் படவில்லை.

சித்திரையில் நடு அறையில் பையன் பிறந்தான். வலி எடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே, மருத்துவச்சி வெந்நீர் கேட்பதற்குள் பிறந்துவிட்டான். அவள் துணி அலசப் பின்வாசலுக்குப் போனபோது அரங்குக் கதவு திறந்து கிடந்திருக்கிறது. மஞ்சள் பூசிய புற்றைப் பார்த்துவிட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். மருத்துவச்சி வாய் சும்மா இருக்குமா? அவள் போகிற வீடெல்லாம் இதுதான் பேச்சு. புற்றில் இருக்கிற அம்மாதான் பிரசவம் பார்த்தாள், நான் கை மட்டும்தான் பிடித்தேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் பட்ட வலிக்கு ஒரு பேரும் இல்லை.

முதலில் எதிர் வீட்டுக்காரி வந்தாள். பேத்திக்கு உடம்பெல்லாம் சிரங்கு, ஒரு சிட்டிகை மண் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். எப்படி இல்லை என்பேன்? சிரங்கு ஆறியது. சிரங்கு ஆறத்தானே செய்யும்! அடுத்த வெள்ளிக்கிழமை நாலு பேர். அதற்கடுத்ததில் தெருவே வந்தது. ஆவணி வாக்கில் பனவடலிசத்திரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். முட்டையும் பாலும் மஞ்சளுமாக என் முன் அறையைத் தாண்டி, பிள்ளை தூங்குகிற நடு அறையைத் தாண்டித்தான் அரங்குக்குப் போக வேண்டும். ஈரக்காலோடு வருவார்கள். நான் உலை வைத்திருந்தால் என்ன குழம்பு என்று எட்டிப் பார்ப்பார்கள். பால் புளித்த வாடையும் எறும்பும் முட்டை ஓடும் வீடு முழுக்க. சனிக்கிழமை காலை முழுக்க எனக்குக் கழுவுகிற வேலைதான்.

விரட்டலாம் என்றுதான் வாயைத் திறப்பேன். கண்ணுக்கு முன்னால் ஒருத்தி சீக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பாள். பிள்ளையை வைத்துக்கொண்டு வாசல் வாசலாக நின்றவள்தானே நானும். கதவை மூட எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் மட்டும் ஆற்றமாட்டாமல், இது கோயில் இல்லையம்மா, நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீடு என்று ஒருத்தியிடம் சொன்னேன். இங்கே குடியிருக்க நீ எவ்வளவு புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று சொல்லி என் காலைத் தொட வந்தாள். பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்துவிட்டேன். நாலு மூலைக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, புற்றுக்குப் பட்டுத் துணி கட்டி, யாரோ மணியும் கொண்டுவந்து மாட்டினார்கள். என் வீட்டில் மணி மாட்ட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஆனி பிறந்ததும் ராயகிரியிலிருந்து வீட்டின் சொந்தக்காரர் வந்தார். வண்டியிலிருந்து இறங்கி, வாசலில் நின்று, செருப்பைக் கழற்றினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் எத்தனையோ தடவை வந்தவர், ஒருநாளும் கழற்றியதில்லை. உள்ளே வந்து அரங்குக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். அதனால் அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "அம்மா இருக்கிற எடத்துல தீட்டு தொடக்குப் பொழங்கக் கூடாது, தங்கச்சி. ஆடி பொறக்குறதுக்குள்ள வேற எடம் பாத்துக்கிடுங்க. ஆடித்தபசுத் திருநாளுக்கு முன்னால சுத்தம் பண்ணி முறையா பூசை ஆரம்பிக்கணும்."

அதுவரைக்கும் தொண்டையோடு திரும்பிப் போன பேச்செல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. "எம்பிள்ளை பொறந்தது அதுக்கு அடுத்த ரூம்லதான். அன்னைக்கு அவ ஒரு வார்த்தை சொல்லலையே, அண்ணாச்சி. இப்ப நீங்கதான சொல்லுதீக" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். நீ சொல்வது சரிதான் மக்கா, ஆனால் ஊர் என்ன சொல்லும் என்றார். ஊர் அதற்குள் வாசலில் கூடிவிட்டது. என்னிடம் சிட்டிகை மண் வாங்கிப் போன எதிர் வீட்டுக்காரியும் நின்றாள். அம்மா இருக்கிற இடத்தை விட்டுக் கொடுத்தால் உனக்குத்தான் நல்லது என்று எனக்கு அவள் புத்தி சொன்னாள்.

அடுத்த நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் பாக்டரியிலிருந்து பாதி வேலையில் வந்தார். கையில் கடப்பாரை. இது இருந்தால்தானே நம்மைப் போகச் சொல்லுவார்கள், கரையான் மண்தானே, பெயர்த்துப் போட்டுவிடுகிறேன் என்றார். நான் தடுக்கவில்லை. போடுங்கள் என்றுதான் சொன்னேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்கு வந்து சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. போய்ப் பார்த்தால் மனுஷர் வியர்த்துப் போய்க் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்கிறார். கரையான் மண் என்று வருஷம் பூராவும் சொன்ன மனுஷர். நான் கடப்பாரையை எடுத்தேன். தூக்கவும் செய்தேன். நான் பூசிய மஞ்சள் அதில் தடித்துப் போயிருந்தது. பையனை அம்மா இருந்து பெற்றுக் கொடுத்ததாக ஊர் சொன்னதை நானும் எங்கேயோ ஒரு மூலையில் நம்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கீழே வைத்துவிட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட உட்கார்ந்தோம்.

ஆடி பிறந்தால் யாரும் வீடு மாற மாட்டார்கள், யாரும் வீடு கொடுக்கவும் மாட்டார்கள். ஆனி முடிவதற்குள் நான் திரும்பவும் அதே தெருக்களில், இப்போது இரண்டு பிள்ளைகளோடு. தரகர் அண்ணாச்சிக்கு வற்றல் வியாபாரம் மும்முரம். அந்த வீட்டையா விட்டுட்டு வாறீக என்று அதிசயப்பட்டவர்கள்தான் அதிகம், இடம் கொடுத்தவர் யாரும் இல்லை. வளவில் எங்கள் பழைய அறை மட்டும் காலியாக இருந்தது. ஒருத்தரும் அதை எடுக்கவில்லை, எடுக்க எவனுக்குப் பைத்தியம்? பனந்தடி அப்படியே நின்றது. வளவுக்காரர் வாடகையைக் கூட்டித்தான் கொடுத்தார். சுவருக்கு முட்டுக் கொடுத்த செலவு இருக்கிறதாம்.

ஆடித்தபசு வந்தது. ஊரே கூட்டம். கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்புகையில் கால் தானாகப் பழைய தெருவுக்குப் போயிற்று. வீட்டுக்கு வெள்ளையும் காவியும் பட்டை அடித்திருந்தார்கள். முன் அறைக்கும் நடு அறைக்கும் இடையே இருந்த சுவரைக் காணவில்லை. கூட்டம் நிற்க வேண்டுமென்று இடித்திருந்தார்கள். நான் தட்டிப் பார்த்துக் கண் கலங்கிய சுவர் அது. வாசலில் ஒருத்தன் நின்று, செருப்பை வெளியே போடு என்று என்னிடம் சொன்னான். எனக்குச் செருப்பே இல்லை. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் பிறந்த இடத்தில் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் நின்றவள் வெளியூர்க்காரி. என்ன வேண்டுதல் என்று கேட்டாள். பிள்ளைகளோடு இருக்க ஒரு வீடு வேண்டும் என்றேன்.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "கண்டிப்பா கெடைக்கும். இங்கன மொதல்ல ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்துச்சாம். அந்தப் பொம்பள வெள்ளிக்கெழம தவறாம பால் ஊத்துனாளாம். அம்மா மனசு எறங்கி அவளுக்குச் சொந்தமா மச்சு வீடே குடுத்துட்டாளாம். அதான் இதைக் கோயிலுக்கு விட்டுட்டுப் போயிட்டாக."

"எந்த ஊர்ல?" என்று கேட்டேன்.

"அது தெரியலை. நல்லா இருக்காகளாம்."

பூசாரி எனக்கும் ஒரு சிட்டிகை மண் கொடுத்தான். நெற்றியில் வைக்கவில்லை. முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பனந்தடி முட்டிக்கொண்டு நின்ற இடத்தில் சுவரில் புதிதாக ஒரு வெடிப்பு விட்டிருந்தது. அந்த மண்ணை எச்சிலில் குழைத்து அதில் வைத்து அடைத்தேன். வெடிப்பில் கால்வாசிக்குக் கூடப் போதவில்லை.